பிறர் பணத்துக்கு யார் காவல்? மைக்கேல் ஜென்சனும் சிங்கப்பூர்ப் பங்குதாரர்களும்

நிதித்துறைப் பேராசிரியர் மைக்கேல் ஜென்சன் 2024 ஏப்ரல் 2ஆம் தேதி, 84 வயதில் காலமானார். சிங்கப்பூரில் பங்கு வாங்கி விற்கும் தமிழர்களில்கூடப் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் டிபிஎஸ் வங்கிப் பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், மசே நிதிப் (மத்திய சேமநிதி) பணத்தில் யூனிட் டிரஸ்ட் (பலர் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிதி) வாங்கியவர், கேபிஐ எனும் செயல்திறன் இலக்கை எட்டினால்தான் போனஸ் என்று வேலை பார்க்கும் இளைஞர் ஆகிய எல்லாருடைய பணத்திலும் அவருடைய சிந்தனையின் தடம் இருக்கிறது. அவர் சரியாகச் சொன்னதும் இருக்கிறது, தவறிப்போனதும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சிறு முதலீட்டாளர்களான நமக்கு மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன்.

ஜென்சன் 1939இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தார். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருபது ஆண்டுகளுக்குமேல் கற்பித்து, பிறகு ஹார்வர்டு வணிகப் பள்ளிக்குப் போனார். அவருடைய முதல் பெரிய ஆய்வு 1968இல் வெளிவந்தது. 1945 முதல் 1964 வரையிலான காலத்தில் 115 மியூச்சுவல் ஃபண்டுகள் (இங்கே யூனிட் டிரஸ்ட்) எப்படிச் செயல்பட்டன என்று கணக்கெடுத்தார். ஃபண்டை நடத்துபவரின் திறமையால் கூடுதலாகக் கிடைத்த லாபம் எவ்வளவு என்பதைத் தனியே பிரித்தெடுக்க ஓர் அளவுகோலை உருவாக்கினார். இன்றும் ஃபண்டு விளம்பரங்களில் 'ஆல்ஃபா' என்று சொல்கிறார்களே, அது இங்கிருந்து வந்ததுதான். பொதுவாக அந்த ஃபண்டுகளால் சந்தையை வெல்ல முடியவில்லை, கட்டணத்தைக் கழித்தால் நிலைமை இன்னும் மோசம் என்பது முடிவு. வங்கிக் கிளையில் அழகான வரைபடத்தைக் காட்டி யூனிட் டிரஸ்ட் விற்க வரும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய முடிவு இது.

ஆனால் அவரை உலகம் முழுக்க மேற்கோள் காட்ட வைத்தது 1976இல் வில்லியம் மெக்லிங்குடன் சேர்ந்து எழுதிய கட்டுரை. அதன் மையக் கேள்வி ஒன்றுதான். பணம் ஒருவருடையது, அதை வைத்துத் தொழில் நடத்துபவர் இன்னொருவர். நடத்துபவர் முதலாளியின் நலனைத் தன் நலன்போல் பார்ப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் இங்கே மார்க்கெட் ஸ்திரீட்டில் வரிசையாக இருந்த நகரத்தார் வட்டிக்கடைகளான கிட்டங்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் போட்டவர் செட்டிநாட்டில் இருப்பார். பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக்கடை நடத்தியவர் ஏஜெண்டு. நடுவே கடல். ஏஜெண்டு மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக ஊரில் குடும்பத்திடம் கொடுத்துவிடுவார்கள். கணக்குச் சுருக்கம் தவறாமல் கப்பலில் போகும். தவணை முடிந்து ஊருக்குப் போய்க் கணக்கை ஒப்படைத்த பிறகு லாபத்தில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. வருகிறவர் பெரும்பாலும் உறவுக்காரர் அல்லது அதே சமூகத்தவர். ஏமாற்றினால் வேலை மட்டும் போகாது. அடுத்த இடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள், பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். கண்காணிப்பு, லாபப் பங்கு, பேர் கெட்டுவிடும் என்ற அச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தத் தொழிலை நடத்தின.

ஜென்சனும் மெக்லிங்கும் செய்தது இந்தச் சிக்கலுக்குக் கணக்குப் போட்டதுதான். ஒருவர் தன் கம்பெனியை நூறு விழுக்காடும் தானே வைத்திருக்கும்போது, அலுவலகத்துக்கு ஆடம்பரமாக ஒரு வெள்ளி செலவழித்தால் அந்த ஒரு வெள்ளியும் அவர் பையிலிருந்தே போகிறது. 95 விழுக்காட்டை வெளியாருக்கு விற்றுவிட்டு அதே செலவைச் செய்தால், அவர் பையிலிருந்து போவது 5 காசுதான். மீதி 95 காசு மற்றவர்களுடையது. செலவின் இன்பம் முழுக்க அவருக்கு. அந்தக் கட்டுரை கொடுக்கும் எடுத்துக்காட்டுகளும் மிக நுணுக்கமானவை: அலுவலக வசதிகள், கம்பெனி காசில் தருமம், தேவைக்கு மீறிய கணினி, வேண்டியவர்களிடமிருந்தே மூலப்பொருள் வாங்குவது. எந்த அலுவலகத்திலும் ஒரு வாரம் இருந்து பார்த்தவருக்கு இவை புரியும்.

அப்புறம் வருவதுதான் கட்டுரையின் கூர்மையான இடம். வெளியிலிருந்து பங்கு வாங்குபவர் முட்டாள் அல்ல. இப்படியெல்லாம் நடக்கும் என்று தெரிந்தே குறைந்த விலைக்குத்தான் கேட்பார். ஆகவே, அந்த ஊதாரித்தனத்துக்கான விலையைப் பங்கு விற்கும் நிறுவனரே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறார். அப்படியானால், தணிக்கையாளரை வைத்து "என் கணக்கைப் பாருங்கள்" என்று தானே முன்வந்து காட்டுவதில் நிறுவனருக்கும் லாபம் உண்டு. கண்காணிக்க ஆகும் செலவு, நம்பிக்கை தர ஆகும் செலவு, இரண்டுக்கும் பிறகும் மிஞ்சும் இழப்பு ஆகிய மூன்றையும் கூட்டியதை 'ஏஜென்சி செலவு' என்றார்கள். நல்ல நிர்வாகம் என்பதை நல்ல மனிதர், கெட்ட மனிதர் என்ற பேச்சிலிருந்து எடுத்து, யாருக்கு எவ்வளவு செலவு என்ற பேச்சுக்குக் கொண்டுவந்தது இந்தக் கட்டுரை. என் பார்வையில் ஜென்சன் விட்டுச்சென்ற மிகப் பெரிய சொத்து இதுவே.

இது லாபத்துக்கு நடக்கும் கம்பெனிக்கு மட்டும் உரியது அல்ல என்றும் அவர்கள் அப்போதே எழுதினார்கள். பல்கலைக்கழகம், கூட்டுறவுச் சங்கம், அரசு அமைப்பு எல்லாவற்றிலும் இதே சிக்கல் உண்டு. 1983இல் யூஜின் ஃபாமாவுடன் எழுதிய கட்டுரையில் ஜென்சன் இன்னும் ஓர் அடி முன்னே போனார். முடிவைத் தொடங்கி நிறைவேற்றுகிறவரும் அதற்கு ஒப்புதல் கொடுத்துக் கண்காணிக்கிறவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும், முக்கியமாக, இழப்பு தங்கள் தலையில் விடியாதவர்கள் நடத்தும் அமைப்புகளில்.

சிங்கப்பூரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2005 ஜூலையில் தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெடித்ததை நடுத்தர வயதைத் தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தலைமை நிர்வாகியின் அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய், ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் வெள்ளி சம்பளம், முதல் வகுப்பு விமானப் பயணம். எல்லாம் சிறுநீரக நோயாளிகளுக்காக மக்கள் கொடுத்த நன்கொடையில் நடந்த அமைப்பு. பத்திரிகை மீது தொடுத்த அவதூறு வழக்கின் விசாரணையில்தான் இவை வெளியே வந்தன. அந்த நிறுவனத்துக்கு இயக்குநர் வாரியம் இருந்தது, தணிக்கையும் இருந்தது. ஒப்புதல் தர வேண்டியவர்கள் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான். ஃபாமாவும் ஜென்சனும் இருபது ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்த எச்சரிக்கை வரி பிசகாமல் நடந்தது. நோயாளிகளின் பெயரால் சிறுகச் சிறுகக் கொடுத்த தொழிலாளிகளின் பணம் அது என்பதால் இன்றும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. அதன் பிறகு 2007இல் அறநிறுவனங்களுக்கென்று தனி ஆளுகை நெறிமுறை வந்தது. நம் தமிழ்ச் சங்கங்கள், கோயில் நிர்வாகக் குழுக்கள் ஆகியவற்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் வரவு செலவை வாசிக்கும்போது, "ஏன் இந்தச் செலவு?" என்று எழுந்து கேட்பவரை முறைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர்தான் சங்கத்துக்கு இலவசமாகக் கண்காணிப்பு வேலை செய்கிறவர்.

சரி, கண்காணிப்பு பற்றி இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஜென்சன், சம்பள விஷயத்தில் போன பாதைதான் சர்ச்சைக்குரியது. 1990இல் கெவின் மர்ஃபியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வின்படி, பங்குதாரர்களின் சொத்து 1,000 டாலர் கூடினாலோ குறைந்தாலோ அமெரிக்கத் தலைமை நிர்வாகியின் சொத்து மாறியது 3.25 டாலர்தான். அதாவது, கம்பெனி ஓடினாலும் படுத்தாலும் அவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எப்படிக் கொடுக்கிறோம் என்பதே முக்கியம், அவர்கள் கையிலும் பங்கு இருக்கட்டும் என்று இருவரும் வாதிட்டார்கள்.

அந்த வாதம் நல்ல நேரத்தில் போய் விழுந்தது, அல்லது கெட்ட நேரத்தில். 1993இல் அமெரிக்கா ஒரு வரிச்சட்டம் கொண்டுவந்தது. உயர் நிர்வாகிக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்தால் வரிக் கழிவு கிடையாது, செயல்திறன் சார்ந்த ஊதியம் என்றால் மட்டும் விலக்கு. குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையான பங்கு ஆப்ஷன்கள் மழையாகக் கொட்டின. எப்படிக் கொடுப்பது என்ற பேச்சு ஒதுங்கி, எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. பங்கு விலையோடு சம்பளம் கட்டப்பட்டதும், பங்கு விலையை எப்படியாவது உயர்த்திக் காட்டுவதே சிலருக்குத் தொழிலாகிவிட்டது. 2001 டிசம்பரில், கணக்கு மோசடியில் சிக்கிய எரிசக்தி நிறுவனம் என்ரான் திவாலானது. 2002இல் தொலைத்தொடர்பு நிறுவனம் வோர்ல்ட்காம்.

இங்கே ஜென்சன் செய்ததை நான் மதிக்கிறேன். தான் நாற்பது ஆண்டு நம்பிய சந்தை விலையின் மீதே அவர் கேள்வி எழுப்பினார். ஒரு பங்கின் விலை அதன் உண்மை மதிப்பைவிட மிக உயரத்துக்குப் போய்விட்டால், அந்த விலைக்கு நியாயம் சேர்க்கும் அளவுக்கு எந்த நிர்வாகியாலும் உழைத்துவிட முடியாது. விலையைத் தாங்கிப்பிடிக்க முதலில் கணக்கை இழுப்பார்கள், பிறகு வளைப்பார்கள், கடைசியில் பொய் சொல்வார்கள். அந்த நிலையில் பங்காகக் கொடுக்கும் சம்பளம் நோயை முற்றத்தான் வைக்கும் என்று 2004இல் எழுதினார். மிகை விலை அந்த நிர்வாகிகளுக்கு ஹெராயின் போதையைப் போன்றது என்பது அவருடைய ஒப்பீடு. விமர்சகர்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. கொல்கத்தாவில் பிறந்து லண்டனில் கற்பித்த சுமந்திர கோஷல், 2005இல் வெளியான தம் கட்டுரையில், மனிதர்கள் சுயநலமிகள் என்று மேலாண்மை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே அவர்களை அப்படி ஆக்கிவிட்டோம் என்று குற்றம் சாட்டினார். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் தங்கக் குழாய் வைத்தவர் ஜென்சனைப் படித்துவிட்டு வைக்கவில்லை.

போனஸ் பற்றி அவர் 2001இல் எழுதியது இவ்வளவு கவனம் பெறவில்லை. நம் அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு அதுதான் மிகப் பழக்கமான கதை. இலக்கை எட்டினால் போனஸ், எட்டாவிட்டால் ஒன்றும் இல்லை, ஒரு வரம்புக்கு மேல் எவ்வளவு விற்றாலும் கூடுதல் இல்லை என்று வைத்தால் என்ன ஆகும்? இலக்கு நிர்ணயிக்கும் கூட்டத்தில், முடிந்ததைக் குறைத்துச் சொல்வார்கள். டிசம்பரில் இலக்கு எட்டியாகிவிட்டால், மீதி ஆர்டரை ஜனவரிக்குத் தள்ளி வைப்பார்கள். எட்ட முடியாது போலிருந்தால், தள்ளுபடி கொடுத்து ஜனவரி விற்பனையை டிசம்பருக்கு இழுப்பார்கள். பொய் சொல்ல நாமே சம்பளம் கொடுக்கிறோம் என்று ஜென்சன் சாடினார். இலக்கு என்ற படிக்கட்டை எடுத்துவிட்டு, விற்பனைக்கு ஏற்பச் சீராக ஏறி இறங்கும் ஊதியம் கொடுங்கள் என்றார். கேட்டவர்கள் குறைவு.

இப்போது சிங்கப்பூரின் தனித்தன்மைக்கு வருவோம். ஜென்சன் எழுதிய அமெரிக்காவில், பெரிய கம்பெனியின் பங்குகள் லட்சக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கும். நிர்வாகி கொழுப்பார், பங்குதாரர் கையைப் பிசைவார். ஆசியாவில் கதை வேறு. கிழக்காசியாவின் ஒன்பது நாடுகளில் 2,980 கம்பெனிகளை ஆராய்ந்து 2000இல் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை ஒரே பெரிய பங்குதாரரின் கட்டுப்பாட்டில் இருப்பதைக் காட்டியது. சிங்கப்பூரும் அந்த ஒன்பதில் ஒன்று. இங்கே அந்தப் பெரிய பங்குதாரர் ஒரு குடும்பமாக இருக்கலாம், வெளிநாட்டுத் தாய் நிறுவனமாக இருக்கலாம், 1974இல் தொடங்கப்பட்ட அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்காகவும் இருக்கலாம். நிர்வாகியை அடக்க ஆள் உண்டு, சரி. அந்தப் பெரிய பங்குதாரரை யார் அடக்குவது?

2004இல் சீன விமான எண்ணெய் நிறுவனம் இந்தக் கேள்வியை நம் வாசலிலேயே கொண்டுவந்து போட்டது. சிங்கப்பூரில் பட்டியலிடப்பட்ட அந்த நிறுவனம் எண்ணெய் ஊக வணிகத்தில் சுமார் 55 கோடி அமெரிக்க டாலரை இழந்தது. இழப்பு வெளியே தெரிவதற்கு முன், பெய்ஜிங்கில் இருந்த தாய் நிறுவனம் அந்த நிறுவனத்தில் தனக்கிருந்த பங்குகளிலிருந்து, நிறுவனத்தின் 15 விழுக்காட்டுக்கு ஈடானதை முதலீட்டாளர்களிடம் விற்றுப் பணம் திரட்டியது. நடத்துபவர் செய்த தவறு ஒரு பக்கம், உள்விவரம் தெரிந்த பெரிய பங்குதாரர் விவரம் தெரியாதவர்களிடம் சுமையைத் தள்ளிவிட்டது இன்னொரு பக்கம்.

அதனால்தான் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை விதிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, தொடர்புடைய தரப்பினருடன் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பற்றிய பகுதி. பெரிய பங்குதாரருக்கோ இயக்குநருக்கோ அவர்களைச் சேர்ந்தவர்களுக்கோ கம்பெனி எதையாவது விற்றாலோ அவர்களிடமிருந்து வாங்கினாலோ, தொகை கம்பெனியின் நிகரச் சொத்தில் 3 விழுக்காட்டை எட்டினால் உடனே அறிவிக்க வேண்டும். 5 விழுக்காட்டை எட்டினால் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும், சம்பந்தப்பட்டவர் அதில் வாக்களிக்கக் கூடாது. ஜென்சனும் மெக்லிங்கும் சொன்னார்களே, வேண்டியவர்களிடமே மூலப்பொருள் வாங்குவது என்று, அதற்கு இங்கே போட்ட பூட்டு இது.

நிர்வாகத்தோடும் பெரிய பங்குதாரரோடும் தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர் விஷயத்தில் சிங்கப்பூர் கொஞ்சம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. 2001இல் நிறுவனங்களுக்கான முதல் ஆளுகை நெறிமுறை வெளிவந்தது. பிறகு பலமுறை திருத்தினார்கள். ஒன்பது ஆண்டுக்கு மேல் ஒரே வாரியத்தில் இருப்பவரை எப்படிச் சுயேச்சையானவர் என்பது? முதலில் இரட்டை வாக்கெடுப்பு வைத்தார்கள். எல்லாப் பங்குதாரரும் ஒரு முறை, இயக்குநர்களும் தலைமை நிர்வாகியும் அவர்களைச் சேர்ந்தவர்களும் நீங்கலாக ஒரு முறை. 2023 ஜனவரியில் அதையும் விட்டுவிட்டு, ஒன்பது ஆண்டு என்பதையே கறாரான வரம்பாக்கினார்கள். நல்ல முடிவு. தலைவரோடு பத்தாண்டு உணவருந்தியவர் அவரைப் பார்த்துக் கடினமான கேள்வி கேட்பார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு ஒத்துவராது.

ஜென்சனின் இன்னொரு கருத்தையும் இங்கே உரசிப் பார்க்க வேண்டும். 1986இல், நல்ல முதலீட்டு வாய்ப்பு இல்லாமலேயே கையில் ரொக்கம் குவிந்து கிடக்கும் கம்பெனிகளைப் பற்றி எழுதினார். நிர்வாகி அந்தப் பணத்தைப் பங்குதாரருக்குத் திருப்பித் தர மாட்டார், தேவையற்ற விரிவாக்கத்தில் கொட்டுவார். கடன் வாங்க வைத்தால் வட்டியும் அசலும் கட்டியே ஆக வேண்டும், அந்தப் பயம் அவரை ஒழுங்கில் வைக்கும். சிங்கப்பூரில் ரொக்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, சொத்து மதிப்புக்குக் கீழான விலையில் பங்கு விற்பனையாகும் கம்பெனிகள் இல்லாமல் இல்லை. பங்குச் சந்தைக்கு உயிரூட்ட 2025 பிப்ரவரியில் 500 கோடி வெள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது அந்தப் பழைய குறையும் மீண்டும் பேசப்பட்டது.

ஆனால் கடன் என்ற மருந்து எல்லா உருவத்திலும் வேலை செய்யாது. நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனமான ஹைஃபிளக்ஸ் 2011இல் 40 கோடி வெள்ளி முன்னுரிமைப் பங்குகளையும் 2016இல் 50 கோடி வெள்ளி நிரந்தரப் பத்திரங்களையும் பொதுமக்களுக்கு விற்றது. ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வருமானம் என்றதும் ஏடிஎம்மிலேயே மனுச் செய்து வாங்கினார்கள். பார்ப்பதற்குக் கடன் பத்திரம்போல இருந்தாலும், நிரந்தரப் பத்திரத்தில் அசலைக் குறித்த தேதியில் திருப்பித் தரும் கட்டாயம் இல்லை, வட்டியையும் தள்ளிப்போடலாம். ஜென்சன் சொன்ன கடனின் கடிவாளம் அதில் கிடையாது, முதலீட்டாளருக்குப் பங்குதாரரின் வாக்குரிமையும் கிடையாது. 2018 மே மாதம் நிறுவனம் நீதிமன்றத்தை நாடியபோது சுமார் 34,000 பேரின் 90 கோடி வெள்ளி சிக்கிக்கொண்டது. ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டவர்கள் அவர்களில் ஏராளம். அவர்களுக்காகப் பேசிய சிறு முதலீட்டாளர் சங்கமான சியாஸ் அமைப்பு, 1998இல் மலேசியப் பங்குகள் முடங்கியபோது லட்சத்துக்கும் மேற்பட்டோர் தவித்ததை அடுத்து டேவிட் ஜெரால்ட் 1999இல் தொடங்கியது. தனி ஆளாகக் கண்காணிப்பது கட்டுப்படியாகாதபோது, கூடிக் கண்காணிப்பதற்கு இங்கே இருக்கும் வழி அது.

ஜென்சனோடு நான் உடன்படாத இடமும் ஒன்று உண்டு. கம்பெனிக்கு ஒரே குறிக்கோள்தான் இருக்க முடியும், நீண்டகால மதிப்பைப் பெருக்குவது. பல குறிக்கோள் வைத்தால் நிர்வாகியை எதைக் கொண்டு அளப்பது என்பது அவர் வாதம். கம்பெனிக்கு அது பொருந்தலாம், வேறிடத்தில் பொருந்தாது. சிங்கப்பூர் அமைச்சர்களின் போனஸ் முன்பு பொருளியல் வளர்ச்சியை ஒட்டியே கணக்கிடப்பட்டது. 2012இல் அதை மாற்றி, பொருளியல் வளர்ச்சியோடு இடைநிலை வருமானம், கீழ்த்தட்டினரின் வருமானம், வேலையின்மை என நான்கு அளவுகோல் வைத்தார்கள். ஒரே எண்ணைத் துரத்துவதன் ஆபத்தை என்ரானுக்குப் பிறகு ஜென்சனே பார்த்துவிட்டார். ஒரு நாட்டின் நலனை ஒரே எண்ணில் அடைப்பது அதைவிட ஆபத்தானது.

ஆய்வுத்துறையில் அவர் பெயர் எப்படியும் நிலைக்கும். 1974இல் ஃபாமா, ராபர்ட் மெர்ட்டன் இருவருடனும் அவர் தொடங்கிய நிதிப் பொருளியல் ஆய்விதழ் இன்றும் அத்துறையின் முன்னணி இதழ்களில் ஒன்று. ஆய்வுக்கட்டுரைகளை யாரும் இணையத்தில் படிக்கலாம் என்று 1994இல் அவர் உருவாக்கிய எஸ்எஸ்ஆர்என் தளத்தை 2016இல் எல்செவியர் பதிப்பகம் வாங்கியது. உடன் உழைத்த ஃபாமா, மெர்ட்டன், மைரன் ஷோல்ஸ் மூவரும் நோபெல் பெற்றார்கள். அவருக்குக் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரில் அவருடைய கேள்வி இப்போது ஆண்டறிக்கையின் ஊதியப் பக்கத்தில் வந்து நிற்கிறது. முன்பெல்லாம் பல நிறுவனங்கள் இயக்குநர்களின் சம்பளத்தை 2,50,000 வெள்ளி அகலமுள்ள படிநிலைகளாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். 2024 டிசம்பர் 31 அல்லது அதற்குப் பிறகு முடியும் நிதியாண்டிலிருந்து, ஒவ்வோர் இயக்குநரும் தலைமை நிர்வாகியும் வாங்கியது எவ்வளவு என்று சரியான தொகையையே போட வேண்டும். தொகை வந்துவிட்டது. அந்தப் போனஸ் எந்த அளவுகோலில் கணக்கிடப்பட்டது, அந்த அளவுகோலை வகுத்த ஊதியக் குழுவில் இருப்பவர்கள் யார், கணக்கு பிழை என்று பின்னால் தெரிந்தால் கொடுத்ததைத் திரும்ப வாங்க வழி உண்டா என்பவற்றைப் பல அறிக்கைகளில் இன்னும் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே கேள்விகளை எழுத்தில் அனுப்பலாம். நூறு பங்கு வைத்திருப்பவரும் அனுப்பலாம்.